செட்டிநாட்டு வாடகை அறைக்கு ஒரு பலகை அலமாரி

காரைக்குடிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் அறை எடுப்பவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல் வந்துவிடும். வீடு பெரியது, தூண் பெரியது, நிலைக்கதவு பெரியது. துணி வைக்க மட்டும் இடம் இருக்காது. வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் பாதி பூட்டிக் கிடக்கும். உள்ளே வீட்டுக்காரர்களின் சீர்ப் பாத்திரங்களும் பெட்டகங்களும் தலைமுறைக் கணக்கில் அடுக்கியிருக்கும். நமக்குக் கிடைக்கும் அறையில் சுவருக்குள் பதித்த ஒரு மாடமும், கொடி கட்ட இரண்டு இரும்பு வளையமும் இருந்தால் அதுவே பெரிது.

நானும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். ஆறு ஆண்டுகளில் நான்கு அலமாரிகளைப் பூட்டி நிறுத்தியிருக்கிறேன். அட்டைப்பெட்டிக்குள் பலகைகளாக வந்து, நாமே திருகாணி முடுக்கி எழுப்பிக்கொள்ளும் மலிவான வகை. முதல் அலமாரி ஒரே மழைக்காலத்தில் செத்தது. கார்த்திகை முடிவதற்குள் அதன் அடிப்பலகை ஊறவைத்த அவலைப் போல உப்பி, கதவு தரையில் இடித்து, மூட்டுகள் வாய் பிளந்தன. அலமாரியைப் பற்றி எல்லாம் படித்துவிட்டுத்தான் வாங்கினேன்; அது நிற்கப்போகும் வீட்டைப் பற்றி யோசிக்கவில்லை. அதனால் இந்த வழிகாட்டியை வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன், இதை வாங்கத்தான் வேண்டுமா?

ஓராண்டுக்கும் குறைவாகத் தங்குவீர்கள் என்றால் வேண்டாம். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய அலமாரி போதும். கிழியும்போது நீங்களும் கிளம்பிவிடுவீர்கள். பத்தாண்டு தங்குவீர்கள் என்றால் ஓர் ஆசாரியிடம் பிளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள், அல்லது இரும்பு பீரோ வாங்குங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மா தேக்கு அலமாரி அங்கே கண்ணில் படும், கையும் பரபரக்கும். விலையைக் கேட்ட பிறகு அது தானாக அடங்கும். வாங்கிவிட்டாலும் அதை உங்கள் அறைக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பது வேறு கதை.

இரண்டு முதல் ஐந்தாண்டு வரை இருப்பவருக்குத்தான் பலகை அலமாரி பொருந்தும். இரண்டு கதவு வைத்தது சுமார் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய்க்குள் கிடைக்கும். தேக்குத் தூண்களுக்கு நடுவில் துகள்பலகையை வைப்பதா என்று கூச்சப்பட வேண்டாம். அந்த வீட்டில் அதுவும் நம்மைப் போல ஒரு குடித்தனக்காரர்தான்.

முதலில் வீட்டை அளங்கள்

தரை ஓடுகளை எண்ணுவதிலிருந்து தொடங்கலாம். தரையில் ஆத்தங்குடி ஓடு இருந்தால் ஒரு ஓட்டின் பக்கத்தை மட்டும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 8 அங்குலம்தான் வழக்கம் என்றாலும் பழைய வீடுகளில் வேறு அளவும் இருக்கும். பிறகு ஓடுகளை எண்ணினாலே அறையின் நீள அகலம் வந்துவிடும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாதவருக்கு இது பெரிய வசதி. இரண்டரை அடி அகல அலமாரி 8 அங்குல ஓட்டில் கிட்டத்தட்ட நான்கு ஓட்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். கதவு திறக்க முன்னால் இன்னும் இரண்டு ஓடுகளும், நீங்கள் நிற்க மூன்றும் வேண்டும். அந்த ஓடுகளின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து இரண்டு நாள் அறையில் நடமாடிப் பாருங்கள். கட்டிலுக்கும் தாளுக்கும் நடுவில் பக்கவாட்டில் நுழைந்து போகிறீர்கள் என்றால் சிறிய அலமாரியாகத் தேடுங்கள்.

அடுத்தது கதவு. முகப்புக் கதவு எவ்வளவு அகலமாக இருந்தாலும் உள்ளறைக் கதவுகள் குறுகலாகவும் குட்டையாகவும் இருக்கும். கீழே ஒரு மரவாசல் வேறு குறுக்கே நிற்கும். பலகையாக வரும் அலமாரிக்கு இந்த வீடுகளில் உள்ள பெரிய தகுதியே அந்தக் கதவுக்குள் எளிதாக நுழைந்துவிடும் என்பதுதான். 1956-இல் சுவீடனில் ஐக்கியா நிறுவன ஊழியர் ஒருவர், காருக்குள் போகாத மேசையின் கால்களைக் கழற்றியதிலிருந்து அந்த நிறுவனம் இந்த முறைக்கு மாறியது என்று சொல்வார்கள். ஆனால் ஒன்று: வளவில் வெளிச்சமும் காற்றும் நன்றாக இருக்கிறதே என்று அங்கே உட்கார்ந்து முழுசாகப் பூட்டிவிட்டு அறைக்குள் தூக்கிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். என் நண்பர் நினைத்தார். வாசலுக்கு வெளியே மறுபடி முழுவதையும் கழற்றினோம். எந்த அறையில் நிற்குமோ அந்த அறைக்குள்தான் பூட்ட வேண்டும்.

மூன்றாவது, தலைக்கு மேல். பழைய வீடுகளில் கூரை உயரம் என்பதால் கவலை இல்லை. காரைக்குடியில் புதிதாகக் கட்டிய வாடகை வீடுகளில்தான் சிக்கல்: படுக்கையறையில் 7 அடி உயரத்தில் கான்கிரீட் பரண் நீட்டிக்கொண்டிருக்கும். அலமாரியைப் படுக்கவைத்துப் பூட்டி, பிறகு நிமிர்த்துகிறோம். நிமிரும் வழியில் அதன் ஒரு மூலை, நின்ற பிறகு உள்ள உயரத்தைவிட மேலே போய்த்தான் இறங்கும். 7 அடி உயரமும் 2 அடி ஆழமும் உள்ள அலமாரிக்கு அந்த மூலை 7 அடி மூன்றரை அங்குலம் வரை எழும்பும். 6 அடி உயரம், ஒன்றரை அடி ஆழம் என்றால் 6 அடி இரண்டரை அங்குலத்துக்குள் அடங்கும். பரணுக்கு அடியில் நிறுத்துவதாக இருந்தால் 6 அடியைத் தாண்ட வேண்டாம்.

இனி தரைச் சரிவு. கழுவிவிட்ட நீர் வளவுப் பக்கம் ஓட வேண்டும் என்று சில அறைகளில் தரையை லேசாகச் சாய்த்திருப்பார்கள். சிலவற்றில் நூறாண்டில் தரையே இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், அது உருண்டு காட்டிவிடும். என் அறையில் இரண்டரை அடி அகலத்துக்கு அரை அங்குலம் சரிவு. கதவுகள் கோணலாக நிற்கின்றன என்று நான் இரண்டு நாள் கீல்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாகச் சுவர். தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை கையால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, மாவாக உதிர்ந்தாலோ, அந்தச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது என்று பொருள். மெல்லிய மண்கோடு மேலேறிப் போயிருந்தால் கறையான். இரண்டில் எது இருந்தாலும் வேறு சுவரைப் பாருங்கள். வேறு சுவர் இல்லை என்றால் மேற்படி இரும்பு பீரோ.

எதைப் பார்த்து வாங்குவது

விளம்பரத்தில் ‘மரம்’ என்று எழுதியிருப்பதில் பெரும்பாலும் மரம் இருக்காது. மரத்தூளையும் சீவலையும் பசையோடு அழுத்திச் செய்த துகள்பலகை ஒரு வகை; நாராக அரைத்து அழுத்திய எம்.டி.எஃப். இன்னொன்று. இரண்டின் மேலும் நிறத்தாள் ஒட்டியிருக்கும். விவரக்குறிப்பில் ஐ.எஸ். 12823 என்று இருந்தால், மேல்தாள் ஒட்டிய துகள்பலகைக்கான இந்தியத் தரம் அது. பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு அளவைக் குறிக்க இ1 என்றோ இ0 என்றோ போட்டிருப்பார்கள். அந்தக் குறி இருப்பதையே வாங்குங்கள், காற்றோட்டம் குறைந்த உள்ளறைக்கு அது முக்கியம்.

தடிமன் 18 மி.மீ. நல்லது, 15 பரவாயில்லை, 12 மி.மீ. பக்கப்பலகை வைத்ததைத் தொடாதீர்கள். தடிமனைச் சொல்லாமல் மறைக்கும் விற்பனையாளரை எடை காட்டிக்கொடுக்கும். 18 மி.மீ. துகள்பலகை ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 12 கிலோ இருக்கும். 6 அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள இரண்டு கதவு அலமாரியில் கிட்டத்தட்ட 5 சதுர மீட்டர் பலகை போகும். ஆகவே பெட்டியின் எடை 55, 60 கிலோ இருக்க வேண்டும். 35 கிலோ என்று போட்டிருந்தால் எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆழத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சட்டை மாட்டும் ஹேங்கர் 17 அங்குல அகலம். கதவு மூடுவதற்கு வெளி ஆழம் 22 அங்குலமாவது வேண்டும். மலிவு அலமாரிகள் 16, 18 அங்குலத்தில் நின்றுவிடும். ஹேங்கர் குறுக்கே நிற்காமல் கோணலாகத் தொங்கும். நீங்கள் எல்லாவற்றையும் மடித்து அடுக்குபவர் என்றால் குறைந்த ஆழமே வசதி, பின்வரிசை என்று ஒன்று இல்லாததால் எதுவும் காணாமல் போகாது. புடவை தொங்கவிட அதிக உயரம் வேண்டாம். கண்டாங்கியோ பட்டோ, மடித்து ஹேங்கரின் மேல் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டு அடிக்குள்தான் தொங்கும். அதனால் புடவைக்கம்பிக்குக் கீழே இன்னும் இரண்டு தட்டுகள் வைக்க இடம் கிடைக்கும்.

தட்டின் நீளம் இரண்டரை அடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு தாங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். துகள்பலகை சுமையில் மெல்ல வளைந்து, வளைந்தபடியே இருந்துவிடும். ஆறடிக் கதவுகளாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று கீல்களாவது வேண்டும். இழுப்பறை இருந்தால் இரும்புச் சேனலில் ஓடுகிறதா என்று பாருங்கள். பலகைமேல் பலகை உரசி ஓடுவது மழைக்காலத்தில் நகராது. பலகையின் எல்லா விளிம்பிலும் நாடா ஒட்டியிருக்கிறதா, குறிப்பாக அடிவிளிம்பில், என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நாடா இல்லாத விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். நிறம் உங்கள் இஷ்டம்.

ஊர்ப்பெயரைப் பார்த்து, வீடு வரை கொண்டுவருவார்களா, மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒருமுறை 60 கிலோ பெட்டி பஸ் நிறுத்தத்தில் வந்து இறங்கியது.

பெட்டி வந்த நாள்

மூலை நசுங்கிய பெட்டியைக் கையெழுத்துப் போடும் முன் படம் எடுங்கள். பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுத்துவைப்பது நல்லது. பலகை குறைகிறது, உடைந்திருக்கிறது என்று பிறகு சொல்லும்போது அதுதான் பேசும்.

பெட்டியை அறைக்குள் இழுக்காதீர்கள். ஆத்தங்குடி ஓடு சூளையில் சுட்டதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கியது. அதன் வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது, அதில் விழும் கீறல் போகாது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக வைத்திருக்கும் தரையில் நீங்கள் ஒரு கோடு இழுத்துவிட்டால், வாடகை ஒப்பந்தத்தில் இல்லாத விதிகள் எல்லாம் அன்று பிறக்கும். பெட்டியை வாசலிலேயே பிரித்து, பலகைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோங்கள். அறையில் ஜமுக்காளம் ஒன்றை விரித்து, அதன் மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டால் வேலைக்களம் தயார்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பெட்டியில் ஒரு ஆலன் சாவி (அறுகோணத் தலைத் திருகாணியை முடுக்கும் வளைந்த கம்பி) வரும். கூட ஒரு நல்ல நட்சத்திரத் திருப்புளி, சின்னச் சுத்தியல், அளவு டேப், ரசமட்டம், ஒரு பென்சில். பேட்டரித் திருப்புளி இருந்தால் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். கடைசி இரண்டு சுற்று கையால்தான்.

திருகாணிகளை எதில் பிரித்துப்போடுவது என்று நான் கிண்ணம் தேடிக்கொண்டிருந்தபோது, எட்டிப்பார்த்த வீட்டுக்கார ஆச்சி உள்ளே போய் ஒரு பழைய பல்லாங்குழிக் கட்டையை எடுத்துவந்து வைத்தார். “குழிக்கு ஒரு சாதி போடு தம்பி, கலக்காமல் இருக்கும்” என்றார். பதினான்கு குழிகள். பெட்டியில் வந்தவை பதினொரு வகை. மரமுளை ஒரு குழி, பலகைகளை இணைத்துப் பிடிக்கும் மினிஃபிக்ஸ் வட்டு ஒரு குழி, அதன் கம்பி ஒரு குழி, கீல் திருகாணி, பின்பலகை ஆணி என்று போட்டு, விளக்கத்தாளில் உள்ள எண்ணிக்கையோடு சரிபார்த்தோம். இல்லாதவர்கள் இட்லித் தட்டில் போடலாம். நீளம் மட்டும் மாறுபடும் திருகாணிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் போட்டால் பலகையின் மறுபக்கம் முனை எட்டிப்பார்க்கும், அந்த ஓட்டையை ஒன்றும் செய்ய முடியாது.

பூட்டுவது

இரண்டு பேர், மூன்று மணி நேரம். முதல் முறை என்றால் நான்கு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தொடங்காதீர்கள். நாலரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் கதவை மாட்டிவிடு என்று வீட்டுக்காரர் வந்து நின்றால் கை நடுங்கும். காலையில் தொடங்குங்கள்.

விளக்கத்தாளை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படம் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பலகையின் எண்ணையும் தேடி, முன்விளிம்பு எது என்று பென்சிலால் உள்பக்கம் குறித்துவிடுங்கள். நாடா ஒட்டி அழகாக இருப்பதுதான் முன்விளிம்பு. இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டதால் என் இரண்டாவது அலமாரியின் நடுத்தட்டு முன்னும் பின்னும் மாறி, ஒன்பதாம் படியில்தான் தெரிந்தது. திரும்பிப் போக மனமில்லாமல் துகள் தெரிய அப்படியே விட்டேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

மூட்டு எப்படிப் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டால் மீதி எளிது. ஒரு பலகையில் மினிஃபிக்ஸ் கம்பியைத் திருக வேண்டும். அதன் கழுத்துப்பட்டை பலகையைத் தொடும்வரை போக வேண்டும், அதற்கு மேல் ஒரு கால் சுற்றுகூட வேண்டாம். எதிர்ப் பலகையின் 15 மி.மீ. குழியில் வட்டை வைக்க வேண்டும். வட்டின் முகத்தில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். அது கம்பி வரப்போகும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அம்பு வேறு திசையில் இருந்தால் கம்பி உள்ளே போகாது, போனாலும் பிடிக்காது. பக்கத்தில் உள்ள 8 மி.மீ. துளைகளில் மரமுளைகளைச் செருகுங்கள். கம்பிகள் இழுத்துப் பிடிக்கும். எடையைத் தாங்குவதும் பலகையை நழுவாமல் வைப்பதும் முளைகள்தான். இரண்டு பலகைகளையும் கையாலேயே இடைவெளி இல்லாமல் சேர்த்த பிறகு, வட்டைத் திருப்புளியால் வலப்பக்கம் சுற்றுங்கள். ஏறக்குறைய அரைச்சுற்றில் ஒரு இறுக்கம் கையில் தெரியும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினால் மொறுமொறுவென்று ஒரு சத்தம் கேட்கும், துகள் உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படி உதிர்ந்தால் பதற வேண்டாம். திருகாணி சுழன்றுகொண்டே இருக்கும் துளையில் ஃபெவிகால் தொட்ட தீக்குச்சிகளை, மருந்தை நீக்கிவிட்டு, நெருக்கமாகச் செருகி ஒரு இரவு விடுங்கள். காலையில் விளிம்போடு வெட்டிவிட்டு, திருகாணியை மெதுவாக ஏற்றினால் பிடித்துக்கொள்ளும். மரமுளைகளுக்கும் பசை வைக்கலாமா என்று கேட்பார்கள். இனி வீடு மாற்றுவதே இல்லை என்பவர் வைக்கலாம். வாடகைக்காரர் வைக்கக் கூடாது.

வரிசை இப்படி இருக்கட்டும். ஒரு பக்கப்பலகையைப் படுக்கவைத்து, அதில் அடிப்பலகை, நடுத்தட்டு, மேல்பலகையை நிறுத்தி, மறுபக்கப்பலகையால் மூடுங்கள். பிறகு முன்விளிம்புகள் தரையைப் பார்க்கும்படி கூட்டைக் கவிழ்த்து வையுங்கள். இப்போது பின்பலகை.

இந்தப் பின்பலகை 3 மி.மீ. தகடுபோல இருப்பதால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் கூட்டை நேராகப் பிடித்துவைப்பது அதுதான். ஆணி அடிக்கும் முன் எதிரெதிர் மூலைகளைக் குறுக்கே டேப் வைத்து அளங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 6 அடிக்கு இரண்டரை அடி கூடு என்றால் இரண்டு குறுக்களவும் சரியாக ஆறரை அடி வரும். ஒன்று கூடுதலாக இருந்தால் அந்த நீளமான குறுக்கின் இரண்டு மூலைகளையும் ஒன்றையொன்று நோக்கி மெல்லத் தள்ளுங்கள், சமமாகும். அப்படியே பிடித்துக்கொள்ள ஒருவர், ஆணி அடிக்க ஒருவர். ஆறு அங்குலத்துக்கு ஓர் ஆணி. நான்கு மூலைக்கு நான்கு ஆணி போதும் என்று முடித்துக்கொண்டால், கதவு திறக்கும்போதெல்லாம் கூடு சாய்சதுரமாக ஆடும்.

அலமாரிக்குக் கால் பொருத்துவது விளக்கத்தாளில் பெரும்பாலும் இருக்காது. இந்த ஊருக்கு அதுதான் முக்கியம். மலிவு அலமாரிகளின் பக்கப்பலகைகள் நேரே தரையில் நிற்கும். தினம் துடைக்கும் ஈரமே அவற்றைக் கொன்றுவிடும். ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டிக் புஷ் கேட்டு வாங்கி, கூடு கவிழ்ந்திருக்கும்போதே அடியில் ஆறு இடத்தில் திருகிவிடுங்கள். அல்லது கிரானைட் வெட்டும் பட்டறையில் மிஞ்சிய 18 மி.மீ. துண்டுகளைக் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். பக்கப்பலகைக்கு அடியில் அவற்றை வைத்து, துண்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் ஓடும் கீறாது, தண்ணீரும் ஏறாது. அடிவிளிம்பில் நாடா இல்லாவிட்டால் அதற்கு முன் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

நிமிர்த்தும்போது ஒருவர் அடிப்பக்கம் நகராமல் காலால் அண்டைகொடுக்க, மற்றவர் தலைப்பக்கத்தைத் தூக்க வேண்டும். கதவும் இழுப்பறையும் இன்னும் மாட்டியிருக்கக் கூடாது, எடை பாதியாக இருக்கும். நின்றதும் ரசமட்டத்தை உள் அடித்தட்டில் வையுங்கள். சரிந்த பக்கத்தில் ஆப்புக் கொடுத்துச் சமப்படுத்துங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலை வெட்டிச் செருகலாம், அட்டையை மடித்துச் செருகினால் ஒரு மாதத்தில் நசுங்கிவிடும். மட்டம் வந்த பிறகே கதவு.

கதவின் உள்பக்கம் 35 மி.மீ. குழியில் கீலின் கிண்ணம் உட்காரும். கூட்டோடு மாட்டிய பின் கீலில் உள்ள திருகாணிகளைத் தனித்தனியாக அசைத்துப் பாருங்கள். முன்னால் இருப்பது கதவை இடவலமாக நகர்த்தும், பின்னால் இருப்பது உள்ளும் வெளியும் நகர்த்தும், தகட்டை உடலோடு பிடிக்கும் இரண்டும் மேலும் கீழும். ஒரு நேரத்தில் கால் சுற்று. மேல் கீலை ஒரு பக்கமும் கீழ்க் கீலை மறுபக்கமும் திருப்பினால் சாய்ந்த கதவு நேராகும்.

சுவரோடு பிணைப்பது

2016-இல் அமெரிக்காவில், சுவரில் பிணைக்காத இழுப்பறைப் பெட்டிகள் குழந்தைகள் மேல் சாய்ந்து உயிரிழப்புகள் நேர்ந்த பிறகு ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. குழந்தை உள்ள வீட்டில், இழுப்பறை வைத்த உயரமான அலமாரியைப் பிணைக்காமல் விடவே கூடாது.

ஆனால் செட்டிநாட்டுச் சுவர் சாதாரணச் சுவர் இல்லை. செங்கல்லின் மேல் சுண்ணாம்புக் காரையைப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றியது. அதிர்வு வைத்த டிரில்லிங் மெஷினைக் காட்டினால் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு பெயர்ந்து விழும். அந்த மெருகைத் திரும்பக் கொண்டுவரும் கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது அலமாரி வாங்குவதைவிடப் பெரிய செலவு. எனவே வீட்டுக்காரரிடம் கேட்காமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள். சம்மதித்தால், துளையிடும் இடத்தில் ஒட்டுநாடா ஒட்டி, அதிர்வை அணைத்துவிட்டு, மெல்லிய முனையில் தொடங்குங்கள். காரைப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் பிடிக்கும் அளவுக்கு நீளமான பிளக்கும் திருகாணியும் வேண்டும். காரையில் மட்டும் நிற்கும் பிளக் இழுத்தால் கையோடு வந்துவிடும்.

சம்மதிக்கவில்லை என்றால் இடுப்புயர, அகலமான பெட்டியாகவே வாங்குங்கள். புத்தகம், பாத்திரம் எல்லாம் அடித்தட்டில். ஒரே நேரத்தில் இரண்டு இழுப்பறைகளை இழுக்க வேண்டாம் என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். என் அறையில் அப்படித்தான். ஆச்சி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது என் ஐயா காலத்துப் பூச்சு தம்பி” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பூட்டிய பிறகு

ஒரு வாரம் கதவுகளைத் திறந்தே வையுங்கள், பசை வாடை போகட்டும். துணியை அதன் பிறகு அடுக்கலாம். சுவருக்கும் பின்பலகைக்கும் இரண்டு அங்குல இடைவெளி இருக்கட்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும், அதன் மூச்சை அடைத்தால் பின்பலகையில் பூஞ்சை படரும். ஒரு மாதம் கழித்து எல்லா வட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்து, தளர்ந்தவற்றை மட்டும் முடுக்குங்கள்.

ஐப்பசி பிறக்கும் முன் அலமாரியைக் காலி செய்து, அடிவிளிம்பையும் பின்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மழை மாதங்களில் அந்த அறையில் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துணியைப் பிழிந்து துடைக்கச் சொல்லுங்கள். பட்டுப்புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வையுங்கள். அந்துருண்டையைப் பட்டின் மேல் நேராகப் போடாமல் துணி முடிச்சில் கட்டி ஓரத்தில் தொங்கவிடலாம். தட்டுகள் கழற்றக் கூடியவையாக இருந்தால், அந்த நாளிலேயே அவற்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டால் ஒரு பக்கமாக வளையாது.

வீடு மாற்றும்போது முழுசாக லாரியில் ஏற்றாதீர்கள், மூட்டுகள் குலுங்கிப் பெயரும். பின்பலகை ஆணிகளை உள்ளிருந்து தட்டி எடுத்து, பூட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றுங்கள். எந்தப் பலகை எங்கே என்று உள்பக்கம் எண் போடுங்கள். இரண்டு, மூன்று முறை கழற்றிப் பூட்டத் தாங்கும். பிறகு துளைகள் தளர்ந்துவிடும். விளக்கத்தாள், ஆலன் சாவி, மிஞ்சிய திருகாணிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மேல்பலகையின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். மிஞ்சியவை பெட்டியிலேயே உபரியாக வந்தவையா, எங்காவது போடாமல் விட்டவையா என்பதை அன்றே எண்ணிவிடுவது நல்லது. என் நான்காவது அலமாரி நின்று மூன்று மாதம் கழித்து, பேத்தியோடு விளையாட உட்கார்ந்த ஆச்சி, பல்லாங்குழியின் கடைசிக் குழியிலிருந்து சோழியோடு சோழியாக ஒரு மினிஃபிக்ஸ் வட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். மேல்பலகை மூட்டுகளை எண்ணிப் பார்த்தேன், வலப்பக்கப் பின்மூலையில் ஒரு குழி காலியாக இருந்தது. அன்று மாலையே முடுக்கினேன். கதவைச் சாத்தும்போதெல்லாம் வந்துகொண்டிருந்த கீச்சுச் சத்தம் நின்றது.